டோனி க்வின்: மட்டையாளர், பயிற்சியாளர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேஸ்பால் பேச்சு எடுத்தாலே நான் டோனி க்வினை உள்ளே இழுத்துவிடுவேன் என்று நண்பர்களிடம் எனக்கொரு கெட்ட பெயர் உண்டு. கிரிக்கெட் பார்த்தே வளர்ந்த அவர்களிடமிருந்து சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லிக்கொண்டிருப்பதை விட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

யாருங்க இந்த டோனி க்வின்? பேஸ்பாலில் பேப் ரூத்தைத் தவிர எனக்கு யாரையும் தெரியாது.

கலிஃபோர்னியாவின் சான் டியேகோ பாட்ரேஸ் அணிக்காக 1982 முதல் 2001 வரை 20 பருவங்கள் ஆடிய அவுட்ஃபீல்டர். 1960 மே 9 அன்று லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தார், பக்கத்து லாங் பீச்சில் வளர்ந்தார். இடது கை ஆட்டக்காரர். மொத்தம் 3,141 ஹிட் அடித்தார். பந்தை அடித்துவிட்டு, அவுட் ஆகாமல் ஒரு பேஸைப் போய்ச் சேர்வதுதான் ஹிட்; பேஸ் என்பது ஓடித் தொட வேண்டிய நான்கு நிலைகளில் ஒன்று. பெரிய லீக்கின் இரண்டு பாதிகளில் ஒன்றான தேசிய லீக்கில், பருவத்தின் உயர்ந்த சராசரிக்கான பேட்டிங் பட்டத்தை 8 முறை வென்றார். அந்த லீக்கில் இவரைத் தவிர ஹோனஸ் வாக்னர் ஒருவர்தான் 8 முறை வென்றவர், அவர் நூறு வருடத்துக்கு முந்தைய ஆள்.

ஓய்வு பெற்றபின் தான் படித்த சான் டியேகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கே பேஸ்பால் பயிற்சியாளராகப் போனார். 2014 ஜூன் 16 அன்று, 54 வயதில், அந்தப் பதவியில் இருக்கும்போதே காலமானார்.

அவுட்ஃபீல்டர் என்றால் என்ன வேலை? பவுண்டரியில் நிற்பவரா?

கிட்டத்தட்ட அப்படித்தான். நான்கு பேஸ்களும் இருக்கும் சதுரத்துக்கு வெளியே பரந்து கிடக்கும் புல்வெளியை இடது, நடு, வலது என்று மூன்று பேர் காப்பார்கள். அவர்கள்தான் அவுட்ஃபீல்டர்கள். க்வின் பெரும்பாலும் வலது பக்கம், அதாவது ரைட் ஃபீல்டில் நின்றவர். மூன்றாவது பேஸுக்கு ஓடுகிறவனைத் தடுக்க அங்கிருந்துதான் மிக நீளமாக எறிய வேண்டும், அதனால் வலுவான கை வேண்டும். ஆரம்பத்தில் க்வினின் கை ஒன்றும் பிரமாதம் கிடையாது. தினமும் எறிந்து எறிந்தே தேற்றிக்கொண்டார். கடைசியில் சிறந்த தடுப்பாட்டத்துக்கான தங்கக் கையுறை விருது 5 முறை கிடைத்தது.

அவருடைய சராசரி .338 என்கிறார்கள். ஒரு ரன் கூட இல்லையே, இதில் என்ன பெருமை?

இது ரன் கணக்கு இல்லை. ஒருவர் எத்தனை முறை மட்டை பிடித்தார், அதில் எத்தனை முறை பந்தை அடித்து, யாரும் பிடிக்காமல் பேஸுக்குப் போய்ச் சேர்ந்தார் என்ற விகிதம். பந்துவீச்சாளர் நான்கு பந்தை எல்லைக்கு வெளியே போட்டு, ஆள் சும்மா நடந்து போவதற்கு ‘வாக்’ என்று பெயர். அது இந்தக் கணக்கில் வராது. க்வின் 9,288 முறை ஆடி 3,141 ஹிட் அடித்தார், வகுத்தால் .338.

பேஸ்பாலில் .300 அடித்தாலே நல்ல மட்டையாளர் என்பார்கள். க்வின் முதல் வருடம் பாதிக்கும் குறைவான ஆட்டங்களில் ஆடி .289 அடித்தார். அதற்கப்புறம் 19 வருடம் ஒருமுறை கூட .300-க்குக் கீழே போகவில்லை. ஒரு வேடிக்கைக் கணக்கு சொல்கிறேன்: ஓய்வு பெற்ற பிறகு அவர் திரும்பி வந்து, தொடர்ந்து 1,182 முறை ஒரு ஹிட்டும் இல்லாமல் அவுட் ஆகியிருந்தாலும் சராசரி சரியாக .300-இல் நின்றிருக்கும். இரண்டு முழு வருடத்து ஆட்டத்துக்கும் மேலான தோல்வியைத் தாங்கும் சேமிப்பு அது.

முதலில் கூடைப்பந்து ஆட்டக்காரராமே, உண்மையா?

உண்மைதான். சான் டியேகோ ஸ்டேட் அவரைச் சேர்த்ததே கூடைப்பந்துக்குத்தான். பாயின்ட் கார்டாக ஆடினார், அணித் தோழர்களுக்குப் பந்து கொடுத்துப் புள்ளி எடுக்க வைப்பதில் பல்கலைக்கழகச் சாதனைகள் அவர் பெயரில் உண்டு. முதலாம் ஆண்டில் பேஸ்பால் மட்டையைத் தொடவே இல்லை. கூடப் படித்த பாபி மீச்சம், பயிற்சியாளர் ஜிம் டீட்ஸிடம் இவரைப் பற்றிச் சொல்லப் போய்த்தான் பேஸ்பால் அணிக்குள் வந்தார்.

1981 ஜூனில், அணிகள் முறைவைத்துப் புதிய ஆட்டக்காரர்களைப் பிடிக்கும் தேர்வில், பாட்ரேஸ் அணி அவரை மூன்றாவது சுற்றில் எடுத்தது. அதே நாளில் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வின் சான் டியேகோ கிளிப்பர்ஸ் அணியும் பத்தாவது சுற்றில் எடுத்தது. எதைத் தேர்ந்தெடுத்தார் என்பது தெரிந்த கதை. கூடைப்பந்தில் பந்தைத் தட்டித் தட்டி மணிக்கட்டு பலப்பட்டது மட்டை பிடிக்க உதவியது என்று அவரே சொல்வதுண்டு.

‘ஐந்தரை ஓட்டை’ என்று ஏதோ சொல்கிறார்களே, அது என்ன?

பேஸ்பாலில் தடுப்பாளர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. மூன்றாவது பேஸ் காப்பவர் 5, அவருக்குப் பக்கத்தில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6. இவர்கள் இருவருக்கும் நடுவில் உள்ள சந்துதான் ஐந்தரை. இடது கை மட்டையாளருக்கு அது எதிர்ப்பக்கம். பந்தைக் கொஞ்சம் தாமதமாக, உடம்புக்கு அருகே வர விட்டுத் தட்டினால்தான் அங்கே போகும். வேகத்துக்குப் பயந்து முன்னாலேயே மட்டையைச் சுழற்றுகிறவரால் அந்த இடத்தை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

க்வின் அந்தச் சந்தைத் தன் சொந்த வீதி மாதிரி பயன்படுத்தினார். பெரிய அடி இல்லை, கேமராவுக்கு அழகான காட்சியும் இல்லை. தரையோடு ஓடும் ஒரு பந்து, இரண்டு பேர் பாய்ந்தும் கைக்கு எட்டாது, அவ்வளவுதான். இதில் சுவாரசியம் காணப் பழக்கம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன்.

அவரை ஏன் ‘கேப்டன் வீடியோ’ என்று கூப்பிட்டார்கள்?

இன்றைக்கு எல்லா அணியிலும் ஆட்டக்காரர் கையில் டேப்லெட் இருக்கிறது, ஒரு பந்து ஆடி வந்தவுடனே தன் ஆட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். 1983-இல் அப்படி யாரும் யோசித்ததில்லை. அந்த வருடம் மணிக்கட்டுக் காயத்திலிருந்து திரும்பிய க்வினுக்கு ஆட்டம் சரியாக அமையவில்லை. வெளியூரில் இருந்தவர், வீட்டில் இருந்த மனைவி அலிஷியாவிடம் தொலைக்காட்சியில் வரும் ஆட்டத்தைப் பதிவு செய்யச் சொன்னார். ஊர் திரும்பி அதைப் போட்டுப் பார்த்தபோது தன் தவறு கண்ணுக்குத் தெரிந்தது.

அதற்கப்புறம் விடவில்லை. வெளியூர்ப் பயணங்களுக்கு வீடியோ கருவியைத் தானே தூக்கிக்கொண்டு போனார். எந்தப் பந்துவீச்சாளர் தனக்கு எப்போது என்ன போட்டார் என்பதெல்லாம் நாடாவில் இருந்தது. நன்றாக ஆடியவற்றை மட்டும் தனியாக வெட்டி ஒரு நாடா வைத்திருப்பார், ஆட்டம் இறங்கும்போது அதைப் போட்டுப் பார்ப்பார். பட்டப்பெயர் அப்படி வந்தது. என்னைக் கேட்டால், இந்த ஒரு பழக்கம்தான் அவருடைய மொத்த வாழ்க்கையும். பார்ப்பது, குறித்துக்கொள்வது, திரும்பப் பார்ப்பது. பின்னாளில் மாணவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுக்க முயன்றதும் இதைத்தான்.

வெறும் 135 ஹோம் ரன் தானா? 20 வருடத்தில்? பலம் இல்லாத ஆளா?

ஹோம் ரன் என்றால் ஒரே அடியில் நான்கு பேஸையும் சுற்றி வருவது, பெரும்பாலும் நம் சிக்ஸர் மாதிரி பந்து வெளியே போய் விழும். பலத்தைத் தேடிப் போகாத ஆள் என்பது சரியாக இருக்கும். அவர் மட்டை சுமார் 33 அங்குலம், 31 அவுன்ஸ்தான். மற்றவர்கள் கையில் இருந்ததோடு ஒப்பிட்டால் சின்னது. கட்டுப்பாடுதான் முக்கியம் என்று நினைத்தார்.

1992-இல் சிறந்த ஆட்டக்காரர்கள் மோதும் ஆல் ஸ்டார் ஆட்டம் சான் டியேகோவில் நடந்தபோது டெட் வில்லியம்ஸ் அவரைப் பிடித்துக்கொண்டார். வில்லியம்ஸும் அதே ஊர்க்காரர், எல்லாக் காலத்திலும் சிறந்த மட்டையாளர்களில் ஒருவர். இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு ஏன் எல்லாவற்றையும் எதிர்ப்பக்கமே தட்டுகிறாய், உள்ளே வரும் பந்தை இழுத்து அடி என்று கடிந்துகொண்டார். க்வின் உடனே மாறிவிடவில்லை, ஆனால் மறக்கவும் இல்லை. 1997-இல், 37 வயதில், .372 சராசரியோடு 17 ஹோம் ரன் அடித்தார், 119 ரன் வரக் காரணமாக இருந்தார். இரண்டும் அவர் வாழ்க்கையிலேயே அதிகம்.

அவரை ஸ்ட்ரைக் அவுட் பண்ணவே முடியாது என்பது கொஞ்சம் மிகைதானே?

கொஞ்சம்தான் மிகை. நல்ல பந்தை விட்டாலோ வீசித் தவறினாலோ அது ஒரு ஸ்ட்ரைக், மூன்று ஸ்ட்ரைக் ஆனால் ஸ்ட்ரைக் அவுட். 20 வருடத்தில் மொத்தம் 434 ஸ்ட்ரைக் அவுட். இன்றைய ஆட்டக்காரர் சிலர் மூன்றே வருடத்தில் அதைத் தாண்டிவிடுகிறார்கள். 1995-இல் 535 முறை ஆடி 15 முறைதான் ஸ்ட்ரைக் அவுட் ஆனார். ஒரே ஆட்டத்தில் மூன்று முறை ஆனது வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, 1986-இல் பாப் வெல்ச் பந்துவீச்சில்.

எனக்குப் பிடித்த எண் வேறு. கிரெக் மாடக்ஸ் அந்தக் காலத்தின் மிகத் தந்திரமான பந்துவீச்சாளர், சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதை நான்கு முறை வாங்கியவர். அவருக்கு எதிராக க்வின் 94 முறை ஆடி 39 ஹிட், .415. ஸ்ட்ரைக் அவுட் பூஜ்ஜியம்.

1994-இல் .400 அடித்திருப்பாரா? அந்த வேலைநிறுத்தம் வராமல் இருந்திருந்தால்?

முதலில் பின்னணி. ஒரு பருவம் முழுக்க .400 அல்லது அதற்கு மேல் கடைசியாக அடித்தவர் டெட் வில்லியம்ஸ், 1941-இல், .406. அதன்பின் யாராலும் முடியவில்லை. 1994 ஆகஸ்டில் க்வின் .394-இல் இருந்தார். ஆகஸ்ட் 12 அன்று ஆட்டக்காரர்கள் சங்கம் சம்பள உச்சவரம்பை எதிர்த்து வேலைநிறுத்தத்தில் இறங்கியது. மிச்சப் பருவம் முழுக்க ரத்து, சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரும் அந்த ஆண்டு நடக்கவில்லை. பாட்ரேஸுக்கு 45 ஆட்டங்கள் பாக்கி இருந்தன.

கணக்கைப் பாருங்கள்: 419-இல் 165 ஹிட். இன்னும் மூன்றே மூன்று ஹிட் கூட இருந்தால் .400-ஐத் தாண்டியிருப்பார். ஆனால் ‘மூன்று ஹிட்தானே’ என்று சொல்வது ஏமாற்று. 45 ஆட்டத்தையும் ஆடி முடித்திருந்தால், அந்த ஆறேழு வாரமும் .400-க்கு மேலேயே அடித்திருக்க வேண்டும். மட்டை பிடிக்கும்போதெல்லாம் பத்திரிகைக்காரர்கள் சூழ்ந்து நிற்பார்கள். என் கணிப்பு, பாதிக்குப் பாதி. அவரோ தன்னால் முடிந்திருக்கும் என்றுதான் கடைசிவரை சொன்னார். மேலே சொன்ன வீடியோ பழக்கத்தை நினைத்தால் அந்த நம்பிக்கையைத் தள்ளிவிடவும் முடியவில்லை.

1996-இல் போதுமான ஆட்டம் ஆடாமலேயே பட்டம் வாங்கினாராமே? அது எப்படி நியாயம்?

நல்ல கேள்வி, பல அமெரிக்கர்களுக்கே பதில் தெரியாது. பட்டத்துக்குத் தகுதி பெற ஒருவர் குறைந்தது 502 முறை மட்டை பிடிக்க வந்திருக்க வேண்டும். வாக் எல்லாம் சேர்த்துத்தான் இந்த எண்ணிக்கை. குதிகால் காயத்தால் க்வின் அந்த வருடம் 498 முறைதான் வந்தார், நான்கு குறைவு.

ஆனால் விதியில் ஒரு வழி இருக்கிறது. குறையும் ஒவ்வொரு முறையையும், அவர் வந்து ஹிட் இல்லாமல் போனதாகவே சேர்த்துக் கணக்கிட வேண்டும். அப்படிச் சேர்த்த பிறகும் அவர்தான் முதலிடம் என்றால் பட்டம் அவருக்கு. க்வினின் .353, நான்கு தோல்வியைச் சேர்த்ததும் .349 ஆனது. அடுத்து இருந்த எல்லிஸ் பர்க்ஸ் .344. ஆக, தண்டனையையும் கட்டிவிட்டுத்தான் வென்றார். பதிவேட்டில் இருப்பது அவர் உண்மையில் அடித்த .353.

படத்தில் பார்த்தால் குண்டாக இருக்கிறாரே, ஓட முடியுமா?

கடைசிப் பத்து வருடப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். 1987-இல் அவர் 56 பேஸ் திருடியவர், அதாவது பந்து அடிபடக் காத்திராமல் அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்தவர். முந்தைய ஆண்டு ஒரே ஆட்டத்தில் 5 திருடினார். உடம்பு பெருத்ததும் முழங்கால் அறுவைச் சிகிச்சைகளும் பின்னால் வந்தவை. அப்போதும் 1997-இல் டாட்ஜர்ஸுக்கு எதிராக, மூன்று பேஸிலும் ஆள் இருக்கும்போது பந்து மைதானத்துக்குள்ளேயே கிடக்க, நான்கு பேஸையும் ஓடிச் சுற்றி வந்தார். உள்ளே விழுந்த கிராண்ட் ஸ்லாம், அபூர்வமான விஷயம்.

இவ்வளவு திறமை இருந்தும் ஏன் பணக்கார அணிக்குப் போகவில்லை?

போக விரும்பவில்லை. சான் டியேகோ சின்னச் சந்தை, அணி நிர்வாகம் செலவைக் குறைக்க 1993-இல் கேரி ஷெஃபீல்டு, ஃபிரெட் மெக்ரிஃப் போன்றவர்களையெல்லாம் விற்றுத் தள்ளியது. க்வின் தங்கினார். வெளியே கிடைத்திருக்கக்கூடியதை விடக் குறைந்த சம்பளத்துக்கே ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். ஊர்க்காரர்கள் அவரை ‘மிஸ்டர் பாட்ரே’ என்று அழைத்ததற்கு ஹிட்களை விட இதுதான் பெரிய காரணம்.

உலகத் தொடர் வென்றதே இல்லையா?

இல்லை. இரண்டு முறை போனார். 1984-இல் டெட்ராய்ட் டைகர்ஸிடம் தோல்வி, 1998-இல் நியூயார்க் யாங்கீஸிடம் நான்குக்குப் பூஜ்ஜியம். இரண்டாவது தொடரில் அணி மொத்தமாகச் சுருண்டது, க்வின் மட்டும் 16-இல் 8 ஹிட். முதல் ஆட்டத்தில் யாங்கீ ஸ்டேடியத்தின் மேல்தளத்தில் போய் மோதிய ஹோம் ரன் ஒன்று அதில் உண்டு. அவர் வாழ்க்கையின் பெரிய அடி அதுதான்.

கடைசி ஆட்டம் எப்படி இருந்தது?

2001 அக்டோபர் 7, சொந்த ஊர் மைதானம். அன்று பாட்ரேஸில் ஆடிக்கொண்டிருந்த ரிக்கி ஹெண்டர்சனுக்கு 3,000-ஆவது ஹிட்டுக்கு ஒன்றுதான் பாக்கி. உன் விடைபெறும் நாளில் நான் குறுக்கே வர மாட்டேன், உட்கார்ந்துகொள்கிறேன் என்றார் ஹெண்டர்சன். க்வின்தான் ஆடச் சொல்லி வற்புறுத்தினார். முதல் இன்னிங்ஸிலேயே ஹெண்டர்சனின் ஹிட் வந்தது.

பெரிய லீக்கில் பேட்டிங் கோச் ஆகியிருக்கலாமே, ஏன் கல்லூரிக்குப் போனார்?

எல்லோரும் கேட்பது. வீடு அங்கே, படித்த இடம் அது, மைதானத்துக்கே ஏற்கனவே அவர் பெயர்தான். 2002-இல் சம்பளமில்லா உதவியாளராகச் சேர்ந்து, தன்னை உருவாக்கிய ஜிம் டீட்ஸ் விலகியதும் 2003 பருவத்திலிருந்து தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அந்த முதல் பருவத்தில் அணியில் ஆடியவர்களில் ஒருவர் அவர் மகன் டோனி க்வின் ஜூனியர்.

கல்லூரிப் பயிற்சியாளர் வேலை என்பது மட்டை பிடிக்கச் சொல்லித்தருவது மட்டும் கிடையாது. பள்ளி பள்ளியாகப் போய்ப் பையன்களைப் பார்க்க வேண்டும், பெற்றோரிடம் பேச வேண்டும், மதிப்பெண் குறைந்தால் ஆட முடியாது என்பதால் பாடத்தையும் கவனிக்க வேண்டும், உதவித்தொகையைப் பங்கு போட வேண்டும். ஹால் ஆஃப் ஃபேம் (பேஸ்பாலின் மிகப் பெரிய ஆட்டக்காரர்களுக்கான கௌரவப் பட்டியல்) ஆசாமிகள் பலர் ஒரு மாதம் தாங்க மாட்டார்கள். இவர் பன்னிரண்டு பருவம் தாங்கினார்.

அவர் உருவாக்கிய பெரிய மட்டையாளர் யார்?

இங்கேதான் ஒரு வேடிக்கை. அவர் அணியிலிருந்து பெயர் எடுத்தவர்கள் பெரும்பாலும் பந்துவீச்சாளர்கள்! ஜஸ்டின் மாஸ்டர்சன், ஆடிசன் ரீட், எல்லோருக்கும் மேலே ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க். ஸ்ட்ராஸ்பர்க் சேரும்போது உடற்பயிற்சியில் பாதியில் நின்றுவிடும் பருத்த பையன். 2008-இல் யூட்டா அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 23 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். 2009-இல் நாட்டிலேயே முதல் தேர்வாக வாஷிங்டன் நேஷனல்ஸ் அவரை எடுத்தது. 2019 உலகத் தொடரில் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கினார்.

மட்டையாளர் ஒருவர் பந்துவீச்சாளருக்கு என்ன சொல்லித்தர முடியும் என்று கேட்கலாம். எதிரே நிற்பவன் எதற்காகக் காத்திருக்கிறான் என்பதை க்வினை விட நன்றாக யார் சொல்வார்கள்?

363 வெற்றி, 363 தோல்வி. அப்படியானால் தோற்ற பயிற்சியாளர்தானே?

எண் சரி. அவர் காலத்தில் அணி தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றது 2009, 2013, 2014 என மூன்று முறைதான். மாபெரும் பயிற்சியாளர் என்று நான் வாதாட மாட்டேன். க்வினுக்கு இருந்த கண் மாணவருக்கு இல்லை. பந்து கையை விட்டு வரும்போதே சுழற்சியைப் படிக்கும் அந்தத் திறனைக் கரும்பலகையில் எழுதிக் காட்ட முடியாது. பழக்கத்தைக் கற்றுத்தரலாம், கண்ணைத் தர முடியாது.

அதே சமயம், 1991-க்குப் பிறகு தேசியப் போட்டிப் பக்கமே போகாமல் இருந்த அணியை மறுபடி அங்கே கொண்டுபோனது அவர்தான். கடைசி இரண்டு வருடமும் தங்கள் பிரிவுப் போட்டியை வென்றார்கள். அதில் 2014 பருவத்தின் பெரும்பகுதி அவர் சிகிச்சை விடுப்பில் இருந்தார். இறப்பதற்குச் சில நாள் முன்புகூட பல்கலைக்கழகம் அவர் ஒப்பந்தத்தை ஓராண்டு நீட்டித்தது.

மெல்லும் புகையிலையால்தான் புற்றுநோய் வந்ததா? உறுதியாகச் சொல்ல முடியுமா?

அவர் உறுதியாக நம்பினார். 1981-இல் கீழ்நிலை லீக்கில் தொடங்கிய பழக்கம். பேஸ்பாலில் அன்று அது வெற்றிலை போடுவது போலச் சகஜம். கன்னத்தின் வலப்பக்கம் அடக்கிக்கொள்வார், கட்டி வந்ததும் வலப்பக்க உமிழ்நீர்ச் சுரப்பியில். 2010-இல் புற்றுநோய் என்று தெரிந்து அறுவைச் சிகிச்சை. 2012-இல் திரும்ப வந்தது, முகத்து நரம்பை வெட்டி எடுத்து வேறு நரம்பு வைத்துத் தைத்தார்கள். அரங்கமே கேட்கும்படி சிரிக்கிற மனிதருக்குப் பாதி முகம் அசையவில்லை.

மருத்துவத்தில், புகையிலைக்கும் வாய்ப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு திடமானது. இந்தக் குறிப்பிட்ட சுரப்பியைப் பொறுத்தவரை அவ்வளவு திடமான ஆதாரம் இல்லை என்று சொன்ன மருத்துவர்களும் உண்டு. குடும்பம் 2016-இல் புகையிலை நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டு, பின்னர் அது சமரசத்தில் முடிந்தது. அவர் இறந்ததும் ஸ்ட்ராஸ்பர்க்கும் ரீடும் மெல்லுவதை விடப்போவதாக அறிவித்தார்கள். 2016-இல் வந்த ஒப்பந்தப்படி, புதிதாகப் பெரிய லீக்குக்குள் வருகிறவர்கள் மைதானத்தில் அதைப் பயன்படுத்தத் தடை.

2007-இல் பாட்ரேஸைக் கவிழ்த்ததே டோனி க்வின்தான் என்று ஒருவர் சொன்னார். அப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டாரே?

கவிழ்த்தது மகன்! முன்பு சொன்ன ஜூனியர், இவரும் அவுட்ஃபீல்டர், மில்வாக்கி புரூவர்ஸில் இருந்தார். அப்பாவின் முதல் ஹிட் 1982 ஜூலை 19. மகனின் முதல் ஹிட் 2006 ஜூலை 19. இரண்டும் இரண்டு பேஸ் அடி. இதை யாராவது கதையில் எழுதினால் நம்ப மாட்டோம்.

2007 ஜூலை 29 அன்று அப்பா 97.6 சதவீத வாக்கோடு ஹால் ஆஃப் ஃபேமில் நுழைந்தார். அதே செப்டம்பர் 29 அன்று, இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக் கிடைத்தால் பாட்ரேஸ் பின்சுற்றுக்குப் போய்விடும் என்ற நிலையில், அவர்களின் மாபெரும் பந்துவீச்சாளர் டிரெவர் ஹாஃப்மன் பந்தை ஜூனியர் மூன்று பேஸுக்கு அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார். பதினோராவது இன்னிங்ஸில் பாட்ரேஸ் தோற்றது. மறுநாளும் தோற்றது. அதற்கு மறுநாள் கொலராடோவில் நடந்த முடிவாட்டத்திலும் 13 இன்னிங்ஸ் போராடித் தோற்று வெளியேறியது. ஊர் அதற்காக அந்தப் பையனைத் தள்ளி வைக்கவில்லை, 2009-இல் பாட்ரேஸே அவரை அணிக்கு வாங்கிக்கொண்டது.